பட்டா யார் பெயரில்?

(மகர்பட்டாவில் தமிழ் வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)

மகர்பட்டா என்ற இந்த ஊரின் பெயரை முதன்முறை கேட்கும் தமிழருக்குத் தாசில்தார் அலுவலகம்தான் நினைவுக்கு வரும். நமக்குப் பட்டா என்றால், நிலம் இன்னார் பெயரில் இருக்கிறது என்று வருவாய்த்துறை தரும் சான்று. மராத்தியில் அது நீண்டு கிடக்கும் நிலப்பட்டையைக் குறிக்கும். நாம் தப்பாகப் புரிந்துகொண்ட பொருளே இந்த இடத்துக்கு நன்றாகப் பொருந்திப்போவது ஒரு வேடிக்கை. புனேயின் ஹடப்சரில் கரும்பு விளைந்துகொண்டிருந்த சுமார் 400 ஏக்கரை ஏறத்தாழ 120 உழவர் குடும்பங்கள் ஒன்றாகச் சேர்த்தன. சதீஷ் மகர் முன்னின்று நடத்த, அந்தக் குடும்பங்களே ஒரு நிறுவனம் அமைத்து 2000-ஆம் ஆண்டு வாக்கில் இங்கே நகரியம் கட்டத் தொடங்கின. விற்றுக் காசாக்கிக்கொண்டு போயிருக்கலாம். பக்கத்து ஊர்களில் அப்படித்தான் நடந்தது. இவர்களோ கொடுத்த நிலத்தின் அளவுக்குப் பங்கு எடுத்துக்கொண்டு இங்கேயே இருந்துவிட்டார்கள். இங்குள்ள சைபர்சிட்டி என்ற மென்பொருள் வளாகத்தின் கண்ணாடிக் கட்டடங்களில் ஓடுகிற மென்பொருள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கூட்டுப்பட்டா கிடக்கிறது. நான் இன்று பேச வந்தது வீடியோ கேம்களைப் பற்றி. கேள்வி என்னவோ நிலத்தின் பழைய கேள்விதான்: ஓர் உலகத்தில் ஆண்டுக்கணக்கில் உழைத்தவருக்கு அந்த உலகத்தில் என்ன பாத்தியதை?

ஓப்பன் வேர்ல்ட் ஆர்பிஜி என்ற வகையைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு பாத்திரத்தை ஏற்று, ஒரு பெரிய நிலப்பரப்பில் எந்தத் திசையிலும் நடந்துபோகலாம். கதையை எங்கிருந்தும் பிடிக்கலாம், பிடிக்காமலும் சும்மா திரியலாம். பெதஸ்தா நிறுவனத்தின் மோரோவிண்ட், ஸ்கைரிம், ஃபால்அவுட், போலந்துக்காரர்களின் விட்சர், சைபர்பங்க் ஆகியவை இந்த வகை. மாட் என்பது அந்த உலகத்தில் ஆடுபவர்களே செய்யும் மாற்றம். புது வாள், புது ஊர், புது வானிலை, பிழைத்திருத்தம், சில சமயம் முழுக்க வேறொரு கதை. தமிழில் எழுதினால் மாட் என்பது மாடு போலத் தெரிகிறது என்று நண்பர்கள் கேலி செய்வதுண்டு. பழந்தமிழில் மாடு என்பதற்குச் செல்வம் என்றும் பொருள், பக்கம் என்றும் பொருள். பக்கத்தில் நின்று உழைத்துச் செல்வம் சேர்ப்பது. பெயர் பொருந்தத்தான் செய்கிறது.

மாட் என்றால் ஏதோ கிறுக்கல், பொழுதுபோக்கு என்று நினைப்பவர்களுக்காக ஒன்றை அருகில் வைத்துக் காட்ட விரும்புகிறேன். ஸ்கைரிமில் ஒயிட்ரன் என்ற ஊர். அங்கே ஹுல்டா என்ற சத்திரக்காரி. அவள் யார், என்ன உடுத்துகிறாள், என்ன குணம் என்பதெல்லாம் ஓர் எட்டு இலக்க எண்ணின் கீழ் ஒரே பதிவாக இருக்கிறது. அந்த எண்ணின் முதல் இரண்டு இலக்கம் அது எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்பதைச் சொல்லும். ஒருவர் செய்த மாட் ஹுல்டாவின் முகத்தைத் திருத்துகிறது. இன்னொருவரின் மாட் அவள் உடையை மட்டும் மாற்றுகிறது. இரண்டையும் போட்டால் இரண்டும் சேர்ந்து வரும் என்று நாம் நினைப்போம். வராது. கடைசியாக ஏற்றப்பட்ட கோப்பின் பதிவு முந்தியதை முழுதாக மூடிவிடும். முகத்தின் வடிவக் கோப்பு ஒருவரிடமிருந்தும் பதிவு மற்றவரிடமிருந்தும் வந்துவிட்டால், சத்திரக்காரியின் முகம் மட்டும் கரி பூசியதுபோல் இருண்டுபோகும். கழுத்துக்குக் கீழே எல்லாம் சரியாக இருக்கும். அப்போது மூன்றாவதாக ஒருவர் எக்ஸ்எடிட் என்ற கருவியில் இரண்டு பதிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த வரியை எதிலிருந்து எடுப்பது என்று பார்த்து ஓர் இணைப்புக் கோப்பு செய்கிறார். அந்தக் கருவியையும் ரசிகர்களே எழுதினார்கள். ஏடுகளை ஒப்பிட்டுப் பாடபேதம் பார்த்த பதிப்பாசிரியரின் வேலைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கூலி கிடையாது, நூற்றுக்கணக்கான மாட்களை ஒரே கணினியில் வைத்து ஆடுபவர்களுக்கு இது அன்றாடம்.

இப்போது எதிர்பார்ப்பு என்ற விஷயத்துக்கு வருவோம். புதிதாக வரும் ஒரு கேமிடம் ஆடுபவர்கள் ஏன் இவ்வளவு கேட்கிறார்கள், ஏன் இப்படிக் கோபப்படுகிறார்கள் என்று நிறுவனங்கள் அலுத்துக்கொள்கின்றன. அந்த எதிர்பார்ப்பை வளர்த்தவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். ஸ்கைரிம் 2011 நவம்பர் 11 அன்று வந்தது. மூன்றே மாதத்தில், 2012 பிப்ரவரியில், பெதஸ்தா மாட் செய்வதற்கான தன் கருவியான கிரியேஷன் கிட்டையும் இலவசமாகக் கொடுத்தது. அதற்குப் பிறகு அந்த நிலத்தில் நடந்தது இடைவிடாத வேளாண்மை. ஆயிரக்கணக்கான பிழைகளைத் திருத்திய ரசிகர் திருத்தம் ஒன்று இருக்கிறது. 2016-இல் நிறுவனம் மெருகேற்றிய பதிப்பு வெளியிட்டபோதும் அந்தத் திருத்தம் தேவைப்பட்டது. 2023-இல் ஸ்கைரிம் 6 கோடிப் பிரதிகளைத் தாண்டிவிட்டதாக அதன் இயக்குநர் டாட் ஹவர்ட் சொன்னார். அதே 2023 செப்டம்பரில் அதே நிறுவனத்தின் ஸ்டார்ஃபீல்ட் வந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட கோள்கள். ஆனால் பார்வைக் கோணத்தைக் கூட்டிக் குறைக்கும் எளிய அமைப்புகூட முதல் நாளில் இல்லை. சில நாட்களுக்குள் ரசிகர்கள் அதைச் செய்துகொண்டார்கள்; நிறுவனம் அடுத்த மாதம் சேர்த்தது. ஆடுபவர்கள் ஸ்டார்ஃபீல்டை எதோடு ஒப்பிட்டார்கள்? 2011-இல் பெட்டியில் வந்த ஸ்கைரிமோடு அல்லவே. 12 ஆண்டு உழுது உரமிட்ட ஸ்கைரிமோடு. நிறுவனத்தின் புது வயல், தன் பழைய வயலில் மற்றவர்கள் விளைவித்ததோடு போட்டிபோட வேண்டியதாயிற்று. எதிர்பார்ப்பு உயர்ந்ததற்கு ஆடுபவர்களின் பேராசையைக் காரணம் சொல்வது பாதிக் கணக்கு. அந்த உயரத்தைக் கட்டிக் கொடுத்தவர்கள் மாடர்கள். 12 ஆண்டு அதைக் காட்டி விற்றது நிறுவனம்.

இது எங்கோ அமெரிக்காவில் நடக்கிற சங்கதி என்று எண்ண வேண்டாம். நம் ஊர்ப் பிள்ளைகளின் மாட் கலாசாரம் வாளிலும் டிராகனிலும் இல்லை, பேருந்தில் இருக்கிறது. மலியோ என்ற இந்தோனேசிய நிறுவனம் 2017-இல் வெளியிட்ட பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா என்ற கைபேசி கேமை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஆர்பிஜி அல்ல. ஜாவாவின் சாலைகளில் பேருந்து ஓட்டுவதுதான் ஆட்டம். வண்டிக்கு நம் விருப்பப்படி வண்ணம் தீட்டவும், வேறு வண்டியைக் கொண்டுவந்து வைக்கவும் அந்த நிறுவனமே வழி வைத்தது. விளைவு, தமிழ்நாட்டு அரசுப் பேருந்தும், இரவில் சென்னைக்கு ஓடும் தனியார் பேருந்தும் இந்தோனேசியச் சாலையில் ஓடுகின்றன. லிவரி என்று பிள்ளைகள் சொல்லும் அந்த மேற்பூச்சில் கண்ணாடிக்கு மேலே சாமி பெயர், பின்பக்கம் கம்பெனிப் பெயர், தமிழில் ஊர்ப்பலகை. கேமோடு வந்த இந்தோனேசிய இசை ஹார்னை எடுத்துவிட்டு நம்மூர் ஏர் ஹார்னை வைக்கிறார்கள். சாலையோரக் கடைப் பலகைகள் மட்டும் இந்தோனேசிய மொழியில் அப்படியே நிற்கும். நமக்கென்று யாரும் உலகம் செய்து தராதபோது, கிடைத்த உலகத்தில் நம் பேருந்தை ஓட்டிக்கொள்கிறோம். பெரிய நிறுவனம் எதுவும் தமிழ்நாட்டைத் தன் வரைபடத்தில் வைக்காதபோது, நமக்கு மாட் ஓர் ஆடம்பரம் ஆகாது. உள்ளே நுழைய இருக்கும் ஒரே வாசல் அது.

நமக்கு இந்தப் பழக்கம் புதிதும் இல்லை. கம்பராமாயணப் பதிப்புகளைப் புரட்டியவர்கள் மிகைப்பாடல்கள் என்ற பகுதியைப் பார்த்திருப்பீர்கள். கதை சொன்னவர்களும் ஏடு எழுதியவர்களும் சேர்த்த பாடல்கள் அவை. வெள்ளியம்பலத் தம்பிரான் சேர்த்ததாகச் சொல்லப்படுபவற்றுக்கு வெள்ளி பாடல்கள் என்றே பெயர். நல்ல பதிப்பாசிரியர் அவற்றைத் தூக்கி எறிவதில்லை. கம்பன் பாட்டோடு கலந்துவிடுவதும் இல்லை. தனியே அச்சிட்டு, இது மிகை என்று சொல்லி வைக்கிறார். ஒரு பெரிய உலகத்தைப் பலர் நேசித்தால் அதில் மிகை விளையும். அதைக் கலப்படம் என்று அழிக்காமலும், மூலம் என்று ஏமாற்றாமலும் இடம் ஒதுக்கும் நாகரிகம் நம் அச்சு மரபுக்கு இருந்திருக்கிறது. கேம் நிறுவனங்களுக்கு அது இன்னும் முழுதாக வரவில்லை.

மாட்களிலிருந்து நிறுவனங்கள் பெற்றது என்ன என்று கேட்டால், புனேயிலிருந்தே விடை சொல்லலாம். இந்த நகரத்தின் சூப்பர்கேமிங் நிறுவனம் 2024 அக்டோபரில் இண்டஸ் என்ற பேட்டில் ராயல் கேமை, அதாவது கடைசிவரை உயிரோடு நிற்பவர் வெல்லும் வகைக் கேமை, வெளியிட்டது. இந்தியப் புராண, எதிர்காலக் கலவையில் தீட்டிய உலகம். அதன் வம்சாவளியைப் பாருங்கள். ஆர்மா 2 என்ற ராணுவ கேம். அதன்மேல் டீன் ஹால் என்பவர் 2012-இல் செய்த மாட், டேஇசட். அந்த மாட்டின்மேல் பிரெண்டன் கிரீன் செய்த இன்னொரு மாட், பேட்டில் ராயல். அதிலிருந்து 2017-இல் பப்ஜி. 2018-இல் அது கைபேசிக்கு வந்து இந்தியத் தெருக்களையெல்லாம் பிடித்தது. 2020 செப்டம்பர் 2 அன்று அரசு தடை செய்தது. 2021-இல் பிஜிஎம்ஐ என்ற பெயரில் திரும்பி வந்தது. அந்தச் சந்தையில் இடம் பிடிக்கத்தான் இண்டஸ் வந்தது. ஒரு மாட்டின்மேல் செய்த மாட்டுக்குக் கொள்ளுப்பேரன் புனேயில் பிறந்திருக்கிறான். ஹாஃப்-லைஃபின் மாட்டாகத் தொடங்கிய கவுன்டர்-ஸ்ட்ரைக்கும், வார்கிராஃப்ட் 3-இன் மாட்டாகத் தொடங்கிய டோட்டாவும் இதே கதைதான். ஆகவே, பெரும்பாலோர் மாட் போடுவதே இல்லை, சிறுபான்மையினரின் பொழுதுபோக்குக்கு நிறுவனம் ஏன் கவலைப்பட வேண்டும் என்று கேட்பவர்களுக்கு என் பதில்: மாட் போடாதவர்கள் ஆடுவதும் பல நேரம் மாட்டில் விளைந்ததுதான். விட்சர் 3-இன் 2022 டிசம்பர்ப் புதுப்பதிப்பில் ரசிகர் ஒருவர் ஆண்டுக்கணக்கில் செய்த படத்தர மேம்பாட்டை நிறுவனமே சேர்த்துக்கொண்டது. கன்சோலில் முதன்முறை ஆடியவருக்கு அது மாட் என்றே தெரியாது.

சரி, உழைத்தவருக்குப் பணம் கொடுத்துவிட்டால் கணக்குத் தீர்ந்துவிடுமே என்று தோன்றும். அதையும் செய்து பார்த்தார்கள். 2015 ஏப்ரல் 23 அன்று ஸ்கைரிம் மாட்களை ஸ்டீம் என்ற கணினி கேம் விற்பனைத் தளத்தில் விலைக்கு விற்கலாம் என்று அறிவிப்பு வந்தது. விலையில் ஸ்டீமை நடத்தும் வால்வுக்கு 30 சதவீதம், பெதஸ்தாவுக்கு 45, மாட் செய்தவருக்கு 25. நம் ஊர் நிலவருவாய்ச் சொல்லில் சொன்னால் மேல்வாரம் 75, குடிவாரம் 25. 1952-இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம்கூட விளைச்சலில் 40 சதவீதத்தைக் குத்தகைதாரருக்கு உறுதி செய்தது. அதுவே குறைவு என்று அன்று சண்டை. ஆனால் அந்த 2015 திட்டம் நான்கைந்து நாளில் குப்புற விழுந்ததற்குச் சதவீதம் மட்டும் காரணம் அல்ல. முதல் நாள் விற்பனைக்கு வந்தவற்றுள் ஒன்று மீன்பிடி மாட். அது இன்னொருவர் இலவசமாகக் கொடுத்திருந்த அசைவுகளைப் பயன்படுத்தியிருந்தது. அவர் ஆட்சேபித்தார், மாட் விலக்கப்பட்டது. ஹுல்டாவின் முகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மாட்டும் இன்னொன்றின் தோளில் ஏறி நிற்கிறது. கூட்டாக விளைந்த பயிரை ஒருவர் பெயரில் அறுத்து விற்க முடியாது.

இந்த இடத்தில் மகர்பட்டா ஒப்புமையை நான் கைவிட வேண்டியிருக்கிறது. மாடர்களும் மகர் குடும்பங்களைப்போலப் பங்குதாரர் ஆகிவிடலாமே என்று ஆசையாக இருக்கும். ஆனால் மகர்பட்டாவில் பங்கு நிலத்தின் அளவுக்குக் கிடைத்தது. நிலம் வைத்திருந்தவர் பங்குதாரர். கூலிக்கு அந்தக் கரும்பை வெட்டியவருக்கு அந்தக் கணக்கு முறையில் இடமில்லை. மாடர் நிலக்காரர் அல்ல, உழவடைக்காரர். அவருக்குப் பாடம் புனேயில் இல்லை, தஞ்சையில் இருக்கிறது. அங்கே 1952-க்குப் பிறகு சட்டங்கள் வந்த வரிசையைக் கவனியுங்கள். 1955-இல் குத்தகை ஒழுங்காகக் கட்டுபவரை நிலத்தைவிட்டு வெளியேற்றக் கூடாது என்ற பாதுகாப்பு. 1956-இல்தான் நியாயக் குத்தகைச் சட்டம். நன்செய்யில் நிலவுடைமையாளரின் பங்கு 40 சதவீதத்துக்கு இறங்கியது. நாளைக்கு வயல் நம்மிடம் இருக்குமா என்று தெரியாதவனுக்குப் பங்கு எத்தனை சதவீதமாக இருந்து என்ன பயன்? நான் இன்று வாதிட வந்தது இவ்வளவுதான்: கேம் நிறுவனங்கள் மாடர்களுக்கும் அவர்களை நம்பி ஆடுபவர்களுக்கும் முதலில் கொடுக்க வேண்டியது காசு அல்ல, காலுக்குக் கீழே நகராத நிலம்.

நிலம் எப்படி நகர்கிறது என்பதற்கு 2024 ஏப்ரல் நல்ல சாட்சி. ஃபால்அவுட் தொலைக்காட்சித் தொடர் அந்த மாதம் வந்தது. அந்தச் சூட்டில் பெதஸ்தா எட்டு ஆண்டுக்கு மேல் பழைய ஃபால்அவுட் 4-க்கு ஏப்ரல் 25 அன்று ஒரு புதுப்பிப்பை விட்டது. ஃபால்அவுட்: லண்டன் என்ற மாட்டை ஒரு தன்னார்வக் குழு பல ஆண்டு செய்து முடித்து, அதே ஏப்ரல் 23-இல் வெளியிட நாள் குறித்திருந்தது. லண்டன் நகரத்தையே புதிதாகக் கட்டிய, தனிக் கேம் அளவுள்ள மாட். புதுப்பிப்பு வரப்போகிறது என்று தெரிந்ததும் அவர்கள் நாளைத் தள்ளிவைத்தார்கள். ஜூலை 25-இல்தான் வந்தது. ஏன்? பெரிய மாட்கள் ஸ்கிரிப்ட் எக்ஸ்டெண்டர் என்ற ரசிகர் கருவியை நம்பி நிற்கின்றன. அது கேமின் உள்ளே எந்தச் செயல் நினைவகத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்று முகவரி வைத்துக்கொண்டு வேலை செய்கிறது. கேமின் முதன்மைக் கோப்பை மறுபடி தொகுத்தால் எல்லா முகவரியும் மாறிவிடும். மறு நில அளவை நடந்த ஊரில் இருந்தவர்களுக்கு இது உடனே புரியும்: வயல் அதே வயல், வரப்பு அதே வரப்பு, ஆனால் சர்வே எண் மாறிவிட்டது, பத்திரத்திலுள்ள எண்ணைக்கொண்டு தேடினால் வேறொருவர் தோட்டத்தில் போய் நிற்போம். ஸ்டீமோ புதுப்பிப்பைத் தானாகவே இறக்கிவிடும். காலையில் கேமைத் திறப்பவருக்கு நேற்றுவரை ஓடிய உலகம் திறக்காது.

அப்படியானால் நிறுவனம் தன் பொருளைத் திருத்தவே கூடாதா என்று ஒரு மறுப்பு வரும். அவையில் மென்பொருள் எழுதுபவர்கள் நிறையப்பேர் இருக்கிறீர்கள். இந்த மறுப்பின் நியாயம் உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். பாதுகாப்பு ஓட்டை, புது வன்பொருள், புது கன்சோல் என்று திருத்தக் காரணங்கள் உண்மையானவை. ஆனால் வேலையிடத்தில் மற்ற நிரல்கள் நம்பி நிற்கும் ஓர் ஏபிஐயை நீங்கள் மாற்றும்போது என்ன செய்கிறீர்கள்? முன்னறிவிப்புக் கொடுக்கிறீர்கள், பழைய பதிப்பைக் கொஞ்சகாலம் பக்கத்தில் ஓடவிடுகிறீர்கள். வங்கிக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் காட்டும் இந்த மரியாதையை மாடருக்கும் காட்டுங்கள் என்பதற்குமேல் நான் எதுவும் கேட்கவில்லை. பழைய பதிப்பைத் தனிக் கிளையாக வைத்திருக்க ஸ்டீமிலேயே வசதி இருக்கிறது. ஸ்டார்டியூ வேலியைத் தனியாளாக உருவாக்கிய எரிக் பரோன், 2024 மார்ச்சில் வந்த 1.6 பதிப்பில் மாடர்களுக்கு வேலை எளிதாகும்படி கேமின் உள்ளமைப்பையே மாற்றினார். ஒரு சில பேரால் முடிந்தது ஆயிரம்பேர் வேலை செய்யும் நிறுவனத்தால் முடியாது என்றால் நம்புவது கடினம். பால்டர்ஸ் கேட் 3-ஐச் செய்த லாரியன் 2024 செப்டம்பரில் தன் ஏழாவது திருத்தத்தோடு மாட் கருவியையும், கேமுக்குள்ளேயே மாட் நிர்வாகியையும் கொடுத்தது. கன்சோல்காரர்களுக்கும் அது கிடைத்தது.

சட்டம் பேசுபவர்கள் இன்னொன்று சொல்வார்கள். நீங்கள் வாங்கியது உரிமம் மட்டுமே, நிலம் அல்ல. ஏற்கிறேன் என்று நீங்களே அழுத்தியிருக்கிறீர்கள். சட்டப்படி சரி. யூபிசாஃப்டின் தி க்ரூ என்ற திறந்த உலகக் கார்ப் பந்தய கேமை வாங்கியவர்கள் 2024 மார்ச் 31 அன்று அந்த வரியின் பொருளை அறிந்தார்கள். சர்வரை அணைத்தார்கள், காசு கொடுத்து வாங்கிய உலகம் இல்லாமல் போயிற்று. அதற்கு எழுந்த எதிர்ப்பு ஐரோப்பாவில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட கையெழுத்தாகத் திரண்டது. 2017-இல் டேக்-டூ நிறுவனம் ஜிடிஏ மாட்களுக்கு அடிப்படையான ஓப்பன்ஐவி கருவிக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியபோதும் கிளம்பிய கோபத்தில் சில வாரத்தில் பின்வாங்க வேண்டியிருந்தது. தஞ்சையிலும் 1952-க்கு முன் சட்டம் மிராசுதார் பக்கம்தான் இருந்தது. உரிமம் என்ற சொல் ஒரு வாதத்தின் தொடக்கம். அதை முடிவாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. கருவியைக் கையில் கொடுத்து, மாட்களைக் காட்டி விற்று, பத்தாண்டு அனுபவிக்கவிட்டவர், பிறகு பத்திரத்தின் சிறிய எழுத்தைக் காட்டினால் எந்த ஊர்ப் பஞ்சாயத்தும் முகம் சுளிக்கும்.

ஒரு மறுப்புக்கு மட்டும் என்னிடம் முழுப் பதில் இல்லை. மாடர் எதை வேண்டுமானாலும் உள்ளே கொண்டுவரலாம். ஆபாசம், வெறுப்பு, பிறர் படைப்பின் திருட்டு. பழி நிறுவனத்தின்மேல் விழும். 2005-இல் ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸில் மறைந்திருந்த ஒரு பாலியல் காட்சியை ஒரு மாட் திறந்துவிட, அமெரிக்காவில் அந்தக் கேம் வயதுவந்தோருக்கு மட்டும் என்று மறுவகைப்படுத்தப்பட்டுக் கடைகளிலிருந்து எடுக்கப்பட்டது. அந்தக் காட்சி தட்டில் ஏற்கெனவே இருந்தது, மாட் கதவைத்தான் திறந்தது என்பது உண்மை. ஆனாலும் பயம் நியாயமானது. நிறுவனம் தன் சொந்தத் தளத்தில் எதை அனுமதிப்பது என்று வடிகட்டுவதை நான் எதிர்க்கவில்லை. பிளேஸ்டேஷன் 4-இல் சோனி செய்ததுபோல, கேமில் ஏற்கெனவே உள்ள பொருட்களைத் தவிர வேறெதையும் மாட் கொண்டுவரக் கூடாது என்று மொத்தமாகக் கதவடைப்பது வேறு விஷயம். திருடன் வருவான் என்று ஊருக்கே பாதையை வெட்டிவிடுவது அது.

ஆடுபவர்களையும் விட்டுவிட முடியாது. மாடர் நமக்குக் கடமைப்பட்டவர் என்ற எண்ணம் பரவியிருக்கிறது. இலவசமாகப் பெற்றதற்கு நன்றி சொல்லாதவர்கள், புதுப்பிப்பு இரண்டு நாள் தாமதமானால் திட்டுகிறார்கள். மாட் போட்டுச் சரிபண்ணிக்கலாம் என்ற வாக்கியம் நிறுவனத்தின் சோம்பலுக்கு நாமே கொடுக்கும் ரசீது. அதன் மறுபக்கம், முதல் காட்சியைப் பார்த்ததுமே தீர்ப்பெழுதுவது. 2020 செப்டம்பரில் பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா: சாண்ட்ஸ் ஆஃப் டைம் கேமின் மறு உருவாக்கம் அறிவிக்கப்பட்டது. யூபிசாஃப்டின் புனே, மும்பைக் கூடங்கள் முன்னின்று செய்த முதல் பெரிய வேலை. முன்னோட்டத்தின் படத்தரம் பழையதாக இருக்கிறது என்று உலகமே கேலி செய்தது. வெளியீடு தள்ளிக்கொண்டே போய், 2022 மே மாதம் வேலை மான்ட்ரியாலுக்கு மாற்றப்பட்டது. 2003-இல் வந்த மூல கேம், ஆடியவர்கள் மனத்தில் பதினேழு வருடம் மெருகேறியிருந்தது. அந்த நினைவின் படத்தரத்தோடு எந்தக் கூடமும் போட்டிபோட முடியாது. திறந்த உலக ஆர்பிஜியில் மட்டும் அந்த மெருகு நினைவில் இல்லை, வன்தட்டில் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு நிறுவனத்தை அடிப்பது நியாயமாகாது. வன்தட்டில் இருப்பதைக் கேட்கலாம். அதைச் செய்ய முடியும் என்று ஒருவர் செய்து காட்டியிருக்கிறார். நினைவில் இருப்பதைக் கேட்கும்போது கொஞ்சம் நிதானம் வேண்டும்.

நகராத நிலம் இருந்தால் என்ன விளையும் என்று கேட்டால், மோரோவிண்டைக் காட்டலாம். 2002-இல் வந்த அந்தக் கேம் ஒரு பெரிய மாகாணத்தின் பெயரைச் சொல்லி, அதன் நடுவிலுள்ள ஒரு தீவை மட்டும் கொடுத்தது. எஞ்சிய பெருநிலத்தைத் தாங்களே கட்டுவதென்று தாம்ரியல் ரீபில்ட் என்ற ரசிகர் குழு கேம் வெளிவருவதற்கு முன்பே, 2001-இல், புறப்பட்டது. தொடங்கியவர்கள் போய் வேறு ஆட்கள் வந்தார்கள், அவர்களுக்குப் பின் வேறு ஆட்கள். நிறுவனம் அந்தக் கேமுக்குத் திருத்தம் விடுவதை எப்போதோ நிறுத்திவிட்டது. ஆகவே எந்த முகவரியும் மாறுவதில்லை, எந்த வரப்பும் இரவோடு இரவாக இடம்பெயர்வதில்லை. கேமின் எஞ்சினையே ஓப்பன்எம்டபிள்யூ என்ற பெயரில் மற்றொரு குழு புதிதாக எழுதிவிட்டது. ஊர் ஊராக, ஆற்றங்கரை ஆற்றங்கரையாக, ஒவ்வொரு சத்திரத்துக்கும் ஒரு சத்திரக்காரி, அவளிடம் கேட்க நாலு கேள்வி என்று அந்தப் பெருநிலம் நிரம்பிக்கொண்டே வருகிறது. 2025-இலும் ஒரு புதிய நிலப்பகுதி திறந்தது. இன்னும் நிறைய நிலம் தரிசாகக் கிடக்கிறது. அங்கே வேலைக்கு ஆள் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள், கூலி இல்லாமல்.